சியோலில் பல்கலைக்கழகத்துக்கு அருகே வாடகை வீடு: முன்பணமும் ஒப்பந்தமும் குறித்து வழிகாட்டல் வேண்டும்

கேள்வி: கொள்ளிடக்கரை

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் இயற்பியல் கற்பித்து வரும் எனக்குச் சியோலில் உள்ள செஜோங் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி கிடைத்துள்ளது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம், இ-1 விசா. செப்டம்பர் 1 அன்று பருவம் தொடங்குவதால் ஆகஸ்டு இறுதியில் நான் மட்டும் முதலில் செல்கிறேன். மனைவியும் ஆறு வயது மகளும் அக்டோபரில் வருவார்கள். பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் செப்டம்பர் முடியும் வரை எனக்கு இடம் உண்டு. அதற்குள் வீடு பார்த்துவிட வேண்டும்.

இணையத்தில் விளம்பரங்களைப் பார்த்து வருகிறேன். 10 கோடி வோன், 15 கோடி வோன் என்று ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகையே இல்லாமல் இருக்கும் ஜொன்சே முறை ஒன்று. முன்பணமும் கொடுத்து மாத வாடகையும் கொடுக்கும் வோல்சே முறை மற்றொன்று என்று புரிந்துகொண்டிருக்கிறேன். முன்பணம் அதிகமாகக் கொடுத்தால் வாடகை குறையும் என்கிறார்கள். அப்படிக் கொடுப்பது நல்லதா? கொடுத்த பணம் ஊர் திரும்பும்போது முழுமையாகக் கைக்கு வருமா? இதுதான் என் முதற்கவலை.

தரகர் ஒருவர், பல்கலைக்கழகத்திலிருந்து பத்து நிமிட நடைத் தூரத்தில் ஒரு வீட்டின் படங்களை அனுப்பி, 5 லட்சம் வோன் அனுப்பினால் எனக்காக நிறுத்தி வைப்பதாகச் சொல்கிறார். பருவத் தொடக்கத்தில் வீடே கிடைக்காது என்றும் அச்சுறுத்துகிறார். அனுப்பலாமா? பல்கலைக்கழகத்தை ஒட்டியே இருப்பது அவசியமா, சற்றுத் தள்ளிப் பார்க்கலாமா என்பதையும் அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

---

பதில்: ஹான் ஆற்றங்கரை

வணக்கம் ஐயா. தங்கள் பணிக்கு வாழ்த்துகள். நான் சியோலில் வேறொரு பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக ஆய்வுப் பேராசிரியராக இருக்கிறேன். புதிதாக வரும் நம்மவர்கள் பலருக்கு வீடு பார்க்க உடன் சென்றிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 5 லட்சம் வோனை அனுப்பாதீர்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு, உரிமையாளர் யாரென்று ஆவணத்தில் சரிபார்க்காமல், ஒரு வோன்கூட அனுப்பக் கூடாது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பருவம் தொடங்குவதால் அதற்கு முந்தைய பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் மாணவர்கள் மொய்ப்பது உண்மைதான். ஆனால் அவர்கள் தேடுவது ஓரறைக் குடியிருப்புகளை. தங்களுக்கு வேண்டியது இரண்டு அறைகள் உள்ள வீடு. அதற்கான நெரிசல் அவ்வளவு இல்லை. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், மாணவர் கூட்டம் ஓய்ந்தபின் தேடுவதற்கு விருந்தினர் விடுதி தங்களுக்கு அவகாசம் தருகிறது. அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஜொன்சே என்பது நம் ஊரில் வீட்டை ஒத்திக்கு எடுப்பதேதான். உரிமையாளர் அந்தப் பணத்தைத் தம் கடனுக்கோ வேறு முதலீட்டுக்கோ பயன்படுத்திவிடுவார்; தாங்கள் வெளியேறும்போது அடுத்து வருபவரிடம் வாங்கித்தான் தங்களுக்குக் கொடுப்பார். வீட்டு விலை சரிந்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். 2022 இறுதியிலும் 2023இலும் அப்படித்தான் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் தங்கள் சேமிப்பை இழந்து நின்றார்கள். இன்ச்சொன் நகரின் மிச்சுஹோல் வட்டாரத்தில் பாதிக்கப்பட்டவர்களில் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகே 2023 ஜூனில் பாதிக்கப்பட்டோருக்கான சிறப்புச் சட்டம் வந்தது. ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படும் பணியில் இருப்பவர், கொரிய மொழியும் சட்டமும் அறியாத நிலையில், ஜொன்சேயை நாடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வோல்சே விளம்பரங்களில் 1000/60 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பத்தாயிரம் வோனை ஓர் அலகாகக் கொண்டு எண்ணுகிறார்கள். எனவே 1000 என்பது 1 கோடி வோன் முன்பணம். 60 என்பது 6 லட்சம் வோன் மாத வாடகை. சியோலில் பல்கலைக்கழகங்களைச் சுற்றி ஓரறைக்கு இன்று ஏறத்தாழ இந்த நிலைதான். இரண்டு அறைகளுக்கு 2 கோடி வோன் முன்பணமும் 7 முதல் 10 லட்சம் வோன் வரை வாடகையும் கேட்பார்கள். கட்டடத்தின் வயதையும் ரயில் நிலையத்துக்கு உள்ள தூரத்தையும் பொறுத்து மாறும். முன்பணத்தை 1 கோடி வோன் கூட்டினால் வாடகையில் 50,000 வோன் அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது வழக்கம். வங்கி வட்டியைவிட இது கூடுதல் என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். ஆயினும் முன்பணத்தைச் சட்டம் முழுமையாகக் காக்கும் அளவுக்குள் வைத்துக்கொள்வதே தங்களுக்கு நல்லது.

அந்த அளவு என்ன என்பதைச் சொல்கிறேன். உரிமையாளர் கடனைக் கட்டத் தவறி வீடு ஏலத்துக்குப் போனால், சியோலில் 16.5 கோடி வோன் வரை முன்பணம் கொடுத்தவர்களுக்கு, வங்கிக் கடனுக்கும் முன்னதாக 5.5 கோடி வோன் வரை கொடுக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதி சொல்கிறது. வீட்டின் மீதான அடமானம் அதற்கு முன்பே பதிவானதாக இருந்தால், அந்நாளில் இருந்த குறைந்த வரம்பே பொருந்தும். எல்லாக் குடியிருப்போருக்கும் சேர்த்துக் கொடுப்பது வீட்டு மதிப்பில் பாதியைத் தாண்டாது. இருந்தாலும் 1 அல்லது 2 கோடி வோன் முன்பணத்துக்கு இது பெரிய அரண்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு தானாக வருவதில்லை. வீட்டில் குடியேறியிருக்க வேண்டும். முகவரியையும் பதிவு செய்திருக்க வேண்டும். கொரியர்கள் செய்யும் குடியேற்றப் பதிவுக்கு ஈடாக, வெளிநாட்டவரான நமக்கு வெளிநாட்டவர் பதிவும் இருப்பிட மாற்ற அறிவிப்பும் உள்ளன. நாட்டுக்குள் வந்த 90 நாள்களுக்குள் வெளிநாட்டவர் பதிவைச் செய்ய வேண்டும் என்பது சட்டம். தாங்கள் விருந்தினர் விடுதி முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தால், புது வீட்டுக்கு மாறியதும் வட்டார அலுவலகத்தில் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும். 15 நாள்கள் வரை அவகாசம் இருக்கிறதென்று ஒத்திப்போடாமல் குடியேறும் நாளிலேயே செய்துவிடுங்கள். ஏனெனில் பாதுகாப்பு, குடியேறிப் பதிவு செய்த நாளுக்கு மறுநாள் நள்ளிரவு 0 மணியிலிருந்துதான் தொடங்குகிறது. உரிமையாளர் அதே நாளில் வீட்டை அடமானம் வைத்துப் பதிவு செய்தால், அந்த அடமானம் தங்களுக்கு முன்னே போய்விடும். இதைத் தடுக்க, ‘மீதித் தொகை செலுத்திய நாளுக்கு மறுநாள் வரை எந்தப் புதிய அடமானமும் வைக்கக் கூடாது, மீறினால் ஒப்பந்தம் ரத்தாகி முழுப் பணமும் திருப்பித் தரப்பட வேண்டும்’ என்ற சிறப்பு நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். நேர்மையான உரிமையாளர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

கூடவே, ஒப்பந்தம் எந்த நாளில் இருந்தது என்பதற்குச் சான்றாக அரசு அலுவலகம் இடும் உறுதிசெய்த தேதி முத்திரையும் வேண்டும். ஏலப் பணம் பிரிக்கப்படும்போது வரிசையில் தங்கள் இடத்தை நிர்ணயிப்பது அதுதான். முன்பணம் 6 கோடி வோனையோ, வாடகை 3 லட்சம் வோனையோ தாண்டினால் ஒப்பந்தத்தை 30 நாள்களுக்குள் அரசிடம் அறிவிக்க வேண்டும். ஒப்பந்தப் படியுடன் அறிவித்தால் அந்தத் தேதியும் அதிலேயே கிடைத்துவிடும். இதையும் கையெழுத்திட்டவுடன் செய்துவிடலாம்.

கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியது, நம் ஊர் வில்லங்கச் சான்றிதழுக்கு நிகரான பதிவுப் பத்திரம். நீதிமன்றத்தின் இணையப் பதிவகத்தில் 700 வோன் செலுத்தி எவரும் பார்க்கலாம். முதற்பகுதியில் கட்டடத்தின் விவரமும், இரண்டாம் பகுதியில் உரிமையாளர் பெயரும், மூன்றாம் பகுதியில் அடமானமும் இருக்கும். உரிமையாளரின் அடையாள அட்டை, இரண்டாம் பகுதியில் உள்ள பெயர், பணம் செலுத்தும் வங்கிக் கணக்கின் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தாலொழியப் பணம் செலுத்தாதீர்கள். பார்வையிடும்போது ஒரு முறை, கையெழுத்திடும்போது ஒரு முறை, மீதித் தொகை செலுத்தும் காலையில் ஒரு முறை என்று மூன்று முறை அதைப் புதிதாக எடுத்துப் பாருங்கள்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செஜோங் பல்கலைக்கழகம் நகர ரயிலின் 7ஆம் தடத்தில் சிறுவர் பெரும்பூங்கா நிலையத்தை ஒட்டி இருக்கிறது. தெற்கே அடுத்த நிலையம் கொங்குக் பல்கலைக்கழகம். இரவு முழுவதும் உணவகங்களும் கூட்டமுமாக இருக்கும் பகுதி, குழந்தையோடு இருப்பவர்களுக்கு ஏற்றதல்ல. வடக்கே முதல் நிலையமான குன்ஜாவும் அதற்கடுத்த ஜுங்கோக்கும் அமைதியானவை, வாடகையும் குறைவு. அங்கிருந்து பணிக்கு வருவதற்குச் சில நிமிட ரயில் பயணம் போதும். ஜுங்கோக்கின் கிழக்குப் பகுதி யொங்மா மலையை நோக்கி ஏறும் சரிவு. பனிக்காலத்தில் வழுக்கும் என்பதால் நிலையத்துக்கு அருகே சமதளத்தில் பாருங்கள்.

---

பதில்: மகரந்தம்

வணக்கம் சகோதரரே. பணத்தைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் குடும்பத்தோடு அங்கே வாழ்ந்தவள் என்பதால், வீட்டுக்குள் நுழைந்ததும் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

பாதி தரைக்குக் கீழே இருக்கும் பஞ்சிஹா வீடுகள் மலிவாகக் கிடைக்கும். தயவுசெய்து அவற்றைப் பார்க்கவே வேண்டாம். 2022 ஆகஸ்டு பெருமழையில் சில்லிம் பகுதியில் அத்தகைய வீடொன்றில் நீர் புகுந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் இறந்தார்கள். மழை இல்லாத நாள்களிலும் ஈரமும் பூஞ்சையும் குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. மாடி வீடுகளிலும் சுவரின் மூலைகளையும் அலமாரிக்குப் பின்புறத்தையும் பாருங்கள். புதிதாக ஒட்டிய சுவர்த்தாளின் கீழே கரும்புள்ளிகள் தெரிந்தால் வேறு வீடு பார்ப்பதே மேல்.

சமையலறைக்குத் தனிக் கதவு இருக்கிறதா, அடுப்புக்கு மேல் புகை வெளியேற்றும் கருவி காற்றை வெளியே தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். நாம் தாளிக்கும் மணம் அடுத்த வீட்டாருக்குப் பழக்கமில்லாதது. சில உரிமையாளர்கள் இந்தியக் குடும்பம் என்றதும் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வாடகையை நிறுத்திவிட்டு நாட்டைவிட்டுப் போய்விடுவார்களோ என்ற அச்சம் மற்றொன்று. முகத்துக்கு நேரே ‘வெளிநாட்டவருக்குக் கொடுப்பதில்லை’ என்று சொல்வார்கள். மனம் வருந்தும், ஆனால் அங்கேயே நின்று வாதாடிப் பயனில்லை. பல்கலைக்கழகம் தரும் பணிச் சான்றிதழைக் கொரிய மொழியில் பெற்று முதல் சந்திப்பிலேயே தரகரிடம் கொடுத்துவிடுங்கள். பேராசிரியர் என்று தெரிந்ததும் தொனியே மாறிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வெளிநாட்டு மொழி பேசும் தரகர் அலுவலகங்களைச் சியோல் மாநகராட்சியே தேர்ந்து அறிவித்திருக்கிறது. அவற்றில் ஒன்றின் வழியாகச் செல்வது எளிது.

வாடகைக்கு மேல் பராமரிப்புக் கட்டணம் ஒன்று உண்டு. அதில் தண்ணீர், இணையம், மாடிப்படி துப்புரவு ஆகியவற்றில் எவை அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். வாடகையைக் குறைத்துக் காட்டி இதைக் கூட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. தரையைச் சூடாக்கும் ஒந்தோலுக்கான எரிவாயுக் கட்டணம் பெரும்பாலும் தனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, ஒற்றைக் கண்ணாடிச் சன்னல் உள்ள பழைய வீடுகளில் அது வாடகையில் கணிசமான பங்குக்குப் போய்விடும். எனவே சன்னல் இரட்டையாக இருக்கிறதா, வீடு தெற்கு நோக்கி வெயில் வாங்குகிறதா என்பவை அழகுக்காகப் பார்ப்பவை அல்ல. கொதிகலனின் தயாரிப்பு ஆண்டும் அதன் மீதே எழுதியிருக்கும், பாருங்கள்.

மகளின் பள்ளியையும் முகவரிதான் தீர்மானிக்கிறது. கொரியாவில் கல்வியாண்டு மார்ச் மாதம் தொடங்கும். அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க, வெளிநாட்டவர் பதிவு அட்டை வராவிட்டாலும் வாடகை ஒப்பந்தத்தின் படியைக் காட்டி வசிப்பிடத்தை நிறுவலாம். எனவே வீட்டை முடிவு செய்யும் முன் அந்த முகவரிக்குரிய பள்ளி எது, குழந்தை சாலையைக் கடக்காமல் போக முடியுமா என்று நடந்தே பார்த்துவிடுங்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியமாகத் தோன்றியது.

ஒரு சிறு செய்தி. கொரியர்களும் வீடு மாற நல்ல நாள் பார்ப்பார்கள். அவர்களுடைய சந்திர நாட்காட்டியில் 9, 0 என்று முடியும் தேதிகளில் தீய சக்திகளின் இடையூறு இராது என்பது நம்பிக்கை. அந்நாள்களில் சாமான் ஏற்றும் வண்டிக்குக் கட்டணம் அதிகம். தாங்கள் பால் காய்ச்ச வேறு நாள் பார்த்துக்கொண்டால் செலவு குறையும்.

---

மறுமொழி: கொள்ளிடக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தத் தரகருக்கு இப்போது பணம் அனுப்ப இயலாது என்று எழுதிவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஜுங்கோக்கில் நான் பார்த்த விளம்பரங்களில் பல, மூன்று மாடிச் செங்கல் வீடுகள். கட்டடம் முழுவதும் ஒருவருக்கே சொந்தம், ஏழெட்டுக் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. இது பாதுகாப்பானதா? அடுத்து, என் பணி ஓராண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவதால் ஒப்பந்தத்தை ஓராண்டுக்குப் போடுவதா, ஈராண்டுக்கா?

---

பதில்: ஹான் ஆற்றங்கரை

மிகச் சரியான கேள்வி. தாங்கள் சொல்லும் வகைக்குத் தாகாகு என்று பெயர். பார்வைக்கு அதே போல இருந்தும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பதிவும் தனித்தனி உரிமையாளரும் உள்ள வகை தாசேதே. இரண்டாவதில் தங்கள் வீட்டின் பதிவுப் பத்திரத்தைப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். தாகாகுவில் அப்படியல்ல. பத்திரத்தில் வங்கி அடமானம் மட்டும் தெரியும். மற்ற ஏழு குடும்பங்கள் கொடுத்திருக்கும் முன்பணம் தெரியாது. அவர்களில் சிலர் ஜொன்சேயில் 10 கோடி, 15 கோடி வோன் கொடுத்திருக்கலாம். கட்டடம் ஏலத்துக்குப் போனால், தங்களுக்கு முன்பே பதிவு செய்த அவர்கள் அனைவரும் வரிசையில் முன்னால் நிற்பார்கள். முன்பணம் இழந்தவர்களாக நான் நேரில் அறிந்த நம்மவர் இருவரும் இப்படிப்பட்ட கட்டடங்களில் இருந்தவர்களே.

இதற்காகவே 2023 ஏப்ரலில் வீட்டு வாடகைப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. ஏற்கெனவே குடியிருப்பவர்களின் முன்பண விவரத்தையும் தம் வரிச் சான்றிதழையும் ஒப்பந்தத்தின்போது உரிமையாளர் காட்ட வேண்டும். அவற்றைக் கேட்பது தங்கள் உரிமை. அடமானத் தொகை, மற்றவர்களின் முன்பணம், தங்கள் முன்பணம் மூன்றையும் கூட்டினால் கட்டடத்தின் மதிப்பில் பத்தில் ஏழு பங்கைத் தாண்டுகிறது என்றால் விட்டுவிடுங்கள். பத்திரத்தில் காணும் அடமானத் தொகை வழக்கமாக உண்மையான கடனைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட்டியே பதிவாகியிருக்கும். கணக்குக்கு அந்தக் கூடுதல் தொகையையே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. கட்டடப் பதிவேட்டில் விதிமீறல் கட்டடம் என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வீட்டை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விடுவது பழைய கட்டடங்களில் உண்டு.

கால அளவைப் பொறுத்தவரை சட்டம் குடியிருப்பவர் பக்கமே நிற்கிறது. ஓராண்டுக்கு ஒப்பந்தம் போட்டாலும் தாங்கள் விரும்பினால் ஈராண்டு இருக்கலாம்; ஓராண்டோடு போக விரும்பினாலும் போகலாம். உரிமையாளருக்கு அந்த விருப்பத் தெரிவு கிடையாது. எனவே தங்கள் நிலையில் ஓராண்டு ஒப்பந்தமே சிறந்தது. ஈராண்டு போட்டுவிட்டு இடையில் வெளியேறினால், அடுத்த ஆளைத் தேடிக் கொடுத்துத் தரகுக் கட்டணத்தையும் தாங்களே ஏற்கும்படி ஆகும். போவதென்றால், ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, அந்தச் செய்தியைப் பாதுகாத்து வையுங்கள்.

தரகுக் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. மாத வாடகையை நூறால் பெருக்கி முன்பணத்தோடு கூட்டுவார்கள். 2 கோடி முன்பணம், 7 லட்சம் வாடகை என்றால் 9 கோடி வோன். அதற்கு விழுக்காடு 0.4 என்றாலும் உச்ச வரம்பு 3 லட்சம் வோன். வரி தனியாகச் சேரலாம். அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

---

பதில்: கணக்கர், நுங்கம்பாக்கம்

பணம் அனுப்புவது பற்றி எவரும் சொல்லாததால் இதை மட்டும் சேர்க்கிறேன். 2 கோடி வோன் என்பது இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு மட்டும் இத்தகைய செலவுகளுக்கு 20 விழுக்காடு வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். கணக்கு தாக்கல் செய்யும்போது அதை ஈடுசெய்துகொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், வேலைக்காக நாட்டைவிட்டுப் புறப்பட்டதும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி தாங்கள் வெளிநாடு வாழ் இந்தியர் ஆகிவிடுகிறீர்கள். அதன்பின் மேற்சொன்ன வழி தங்களுக்குப் பொருந்தாது. வங்கிக் கணக்கை அதற்குரிய வகைக்கு மாற்றி, வரிப் படிவங்களுடன்தான் அனுப்ப வேண்டியிருக்கும். தங்கள் மனைவியார் அக்டோபர் வரை இங்கே இருப்பதால், தாங்கள் சியோலில் கணக்குத் தொடங்கிய பிறகு நெருங்கிய உறவினரின் பராமரிப்புக்காக என்று குறிப்பிட்டு அவர் தம் கணக்கிலிருந்து அனுப்பலாம். அவர் பெயரில் 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட தொகையும், தங்கள் பெயரில் புறப்படும் முன் வாங்கும், வெளிநாட்டு நாணயம் ஏற்றிய பயண அட்டையில் மீதியுமாகப் பிரித்துக்கொண்டால் வரிப் பிடித்தமே வராது. வெளிநாட்டு நாணயத் தாளாக 3,000 டாலருக்கு மேல் கையில் எடுத்துச் செல்ல இயலாது.

கொரிய வங்கியில் பணம் வந்து சேர்ந்ததற்கான சீட்டைப் பத்திரமாக வையுங்கள். முன்பணம் திரும்பக் கிடைத்து அதை ஊருக்கு அனுப்பும் நாளில், இது எங்கிருந்து வந்த பணம் என்று அங்கே கேட்பார்கள்.